கெஸ்ட்ரலில் ஒரு மஞ்சள் டிக்

லவோன் குஜாவா கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். பே சிட்டியில் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக்காக இருந்தாள். அவள் கைபட்ட பேருந்து ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை. திறமை என்று ஊர் சொல்லும். பயம் என்று அவள் புருஷன் நார்ப் சொல்வான். பிரேக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி நட்டை முறுக்கினேனா இல்லையா என்று யோசித்து, மறுபடி பன்னிரண்டு மைல் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். ஒரு தடவைகூட அந்த நட்டு தளர்ந்திருந்ததில்லை. அதனால் அவள் திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிப்பட்டவள் ஐம்பத்தைந்தாவது வயதில் ஹால்பர்ன் கம்பெனி 1969ஆம் வருடத்தில் செய்த கெஸ்ட்ரல் கார் ஒன்றை வாங்கினாள். பின்கானிங் பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் எலிக்குக் குடக்கூலி விட்டதுபோல் கிடந்த வண்டி. பெரிய என்ஜினைச் சின்ன உடம்புக்குள் திணித்து, சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விடுகிற விடலைகளுக்கென்று செய்தது. நார்ப் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சரி, நல்லா பெயிண்ட் அடிச்சு ஞாயித்துக்கிழமைல கோவிலுக்கு ஓட்டலாம்" என்றான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

பெயிண்ட் அடித்து அழகாக்குவது யாராலும் முடியும். வருஷாவருஷம் கண்காட்சி நடத்தி வண்டிகளுக்கு மதிப்பெண் போடுகிற கெஸ்ட்ரல் சங்கத்துக்காரர்கள் கேட்பது அது இல்லை. அந்த வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். குழாய்ப் பிடிப்பின் திருகு எந்தப் பக்கம் பார்த்தது, ஸ்பார்க் பிளக் கம்பியில் எந்த மாதம் அச்சிட்டிருந்தது, எந்த போல்ட் கறுப்பு, எந்த போல்ட் சாம்பல், எல்லாமே கணக்கு. திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தில் ஒருத்தன் பெயிண்டை வழியவிட்டிருந்தால், அந்த வழிசலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஆயிரம் மதிப்பெண்ணில் தொள்ளாயிரத்து ஐம்பது வாங்கினால் தங்கச் சான்றிதழ். ஒரு வண்டியை மூன்று தடவைதான் கொண்டுவரலாம். மூன்றிலும் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு ஓட்ட வேண்டியதுதான்.

முதல் வருடம் லவோன் வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்துக் கொண்டுபோனாள். தலைமை நடுவர் மார்வ் ஹூக்ஸ்ட்ரா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் அளவுகோலும் கையில் டார்ச்சும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கதவின் உள்விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப அருமையா இருக்கு, லவோன்."

"தேங்ஸ், மார்வ்."

"அதான் பிரச்சினை. ஹால்பர்ன்ல எவனும் இவ்வளவு அருமையா அடிச்சதில்ல."

எண்ணூற்றுத் தொண்ணூறு. மறு வருடம் வழிசலெல்லாம் வைத்து, போல்ட்டுகளுக்குப் பழைய சாம்பல் பூச்செல்லாம் கொடுத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. அன்றைக்குச் சோள வறுவல் கடையருகே ஒருத்தன் நார்ப்பின் தோளில் தட்டி, "கடைசித் தடவையாவது நீயே இறங்கிப் பண்ணிடு நார்ப், பொம்பளைகிட்ட விட்டா இப்படித்தான்" என்றான். நார்ப் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலையில் எடை போடுகிறவன். ஸ்க்ரூடிரைவரின் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்பதே அவனுக்குச் சந்தேகம். சிரித்துக்கொண்டே வந்து மனைவியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தங்கம் அவளுக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் இப்படி வாய்விட்டு வேண்டும் என்று அவள் சொன்னதில்லை.

மூன்றாவது தடவைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்த அடையாளம் கண்ணில் பட்டது. என்ஜினுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவில் நிற்கும் தகட்டை மட்டும் அவள் தொடாமல் வைத்திருந்தாள். அதில் பழைய பெயிண்ட் நன்றாகவே இருந்தது. பிரேக் குழாய்க்குக் கீழே, ஐம்பது வருடத்துக் கறுப்புப் பிசினைச் சோப்புத் தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மெழுகுப் பென்சிலின் மஞ்சள் தெரிந்தது. ஒரு டிக். தொழிற்சாலையில் பிரேக் குழாயைச் சோதித்த யாரோ, பார்த்தாயிற்று என்று போட்டது. எல்லா வண்டியிலும் போட்டிருப்பார்கள். ஆனால் சூட்டிலும் பிசினிலும் எல்லா வண்டியிலும் அழிந்துபோய்விட்டது; எப்படி இருந்தது, எங்கே இருந்தது என்று சங்கத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி அசலான அடையாளம் ஒன்று கிடைத்தால் ஐந்து மதிப்பெண் கூடுதல்.

லவோன் துணியைப் பெஞ்சில் போட்டாள். கையைக்கூடக் கழுவாமல் மார்வுக்குப் போன் போட்டாள்.

"மார்வ், டிக் இருக்கு. அசல் டிக். மஞ்சள்ல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "தொடாதே. போட்டோ எடு. தொடவே தொடாதே."

போட்டோ எடுக்கத்தான் போனாள். ஆனால் டிக்கின் ஓரத்தில் பிசின் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோவில் தெளிவாக விழாவிட்டால்? மார்வ் நம்பாவிட்டால்? ஒரே ஒரு துடைப்பு, லேசாக, என்று நினைத்தாள். பெஞ்சில் இரண்டு துணி கிடந்தது. ஒன்று சோப்புத் தண்ணீரில் நனைத்தது. இன்னொன்று பிரேக் கழுவுகிற திரவத்தில் நனைத்தது. பெயிண்டையே மெல்ல மெல்லத் தின்கிற திரவம். முப்பத்தோரு வருடத்தில் எந்தத் துணியையும் மாற்றி எடுக்காதவள் அன்றைக்கு மாற்றி எடுத்தாள். ஒரே துடைப்பு. துணியில் மஞ்சள் தெரிந்தது. தகட்டில் ஒன்றும் இல்லை.

அவள் கத்தவில்லை. கார்ஷெட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நார்ப் வந்து பார்த்தபோது துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, செத்த குருவியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லிடு. அழிஞ்சுபோச்சுன்னு சொல்லு. என்ன பண்ணிடுவாங்க?" என்றான் நார்ப்.

"இல்லாததை இருக்குன்னு சொன்னேன்னு நினைப்பாங்க. அஞ்சு மார்க்குக்குப் பொய் சொல்றாள்னு."

"நீ பொய் சொல்லலையே."

"அது எனக்கும் உனக்கும்தானே தெரியும்!"

மத்தியானம் அவள் கடைத்தெருவுக்குப் போய் மஞ்சள் மெழுகுப் பென்சில் வாங்கி வந்தாள். பொய்க்குப் பயந்து பொய் செய்கிற கூத்தை என்னவென்று சொல்வது? கண்ணை மூடி நினைவில் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் ஒரு டிக் போட்டாள். மேலே கொஞ்சம் புகைக்கரி தூவினாள். ஓரத்தில் பிசின் தடவினாள். பார்த்தால் ஐம்பது வருடம் பழையது மாதிரியே இருந்தது. இருக்காதா? பழசை மாதிரியே செய்வதில்தானே ஆறு வருடமாகத் தேர்ச்சி பெற்றிருந்தாள். அதைப் போட்டோ எடுத்து மார்வுக்கு அனுப்பினாள்.

ஜூலையில் கண்காட்சி மைதானத்தில் மார்வ் குனிந்து தலையை என்ஜின் அறைக்குள் விட்டு, டார்ச் அடித்து, பத்து நிமிஷம் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. "இதுக்காக முப்பது வருஷம் காத்திருந்தேன், லவோன்" என்றார். தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. அந்த ஐந்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தங்கம் இல்லை. அதை அவள் மேடையேறுவதற்குள் நான்கு தடவை கழித்துப் பார்த்துவிட்டாள். சோள வறுவல் கடையருகே பேசியவன் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். தங்கச் சான்றிதழைக் கையில் வாங்கியபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். ஐந்தாவது தடவையாகக் கழித்துப் பார்த்தாள்.

இதோடு போயிருந்தால் அவள் பாட்டுக்குக் கவலைப்பட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். அக்டோபரில் சங்கத்தின் பத்திரிகை வந்தது. நடுப்பக்கத்தில் அவள் போட்ட டிக், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிய படம். கீழே மார்வின் கட்டுரை. சாதாரணமாக டிக் போட்டால் நீளக் கோடு வலப்பக்கம் ஏறும். இந்த டிக்கில் நீளக் கோடு இடப்பக்கம் ஏறுகிறது. ஆகவே பிரேக் குழாயைச் சோதித்தவர் இடக்கைக்காரர். இது நம் சங்கத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு. இனிமேல் 1969 வசந்தத்தில் செய்த கெஸ்ட்ரல் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவு.

லவோன் பத்திரிகையை இடக்கையில் பிடித்திருந்தாள். காப்பிக் கோப்பையைத் தூக்குவது, ஸ்பானர் பிடிப்பது, எழுதுவது, எல்லாம் அவளுக்கு இடக்கைதான். மளிகைச் சீட்டில் வாங்கிய சாமானுக்கெல்லாம் அவள் போடுகிற டிக் சின்ன வயதிலிருந்தே இடப்பக்கம்தான் ஏறும். அப்படி ஏறுகிறது என்று இதற்கு முன்னால் அவள் ஒரு நாளும் கவனித்ததில்லை.

"நார்ப், இது என் டிக்."

நார்ப் படத்தைப் பார்த்தான். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த மளிகைச் சீட்டைப் பார்த்தான். "அடக் கடவுளே" என்றான்.

சங்கத்துக்காரர்கள் அந்த முகம் தெரியாத சோதனையாளருக்கு லெஃப்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். லெஃப்டி எங்கே பிறந்தவர், எந்த ஷிஃப்டில் வேலை பார்த்தார் என்று போனில் விவாதம் நடந்தது. விஸ்கான்சினில் ஒருத்தன் தன் வண்டிக்குக் கண்ணாடியைப் பார்த்து இடக்கையால் டிக் போட்டுப் பழகுகிறான் என்று கேள்விப்பட்டபோது லவோன் குளிர்பெட்டியிலிருந்து மளிகைச் சீட்டைக் கிழித்தெடுத்தாள். போன் அடித்தால் பதறினாள். தபால் வந்தால் பதறினாள். மூன்று தடவை மார்வுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, தன் கையெழுத்தைப் பார்த்தே பயந்து, கிழித்துப் போட்டாள். தங்கம் வாங்கியவர்கள் மறு வருடம் நடுவரோடு நின்று உதவ வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். "காய்ச்சல்னா பரவாயில்ல, நாற்காலி போடறேன்" என்று மார்வ் சொல்லிவிட்டார்.

ஆகவே அடுத்த ஜூலையில் அவள் கையில் மதிப்பெண் தாளும் கழுத்தில் நடுவர் அட்டையுமாக மார்வுக்குப் பின்னால் நின்றாள். அன்றைக்கு வந்த புதுப்பித்த வண்டிகளில் ஆறு வண்டியில் மஞ்சள் டிக் இருந்தது. ஆறும் இடப்பக்கம் ஏறியது. மார்வ் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் பார்த்து, "பிரமாதம், லெஃப்டியே வந்து போட்ட மாதிரி" என்றார். லவோன் தாளைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்.

ஏழாவது வண்டி புதுப்பித்தது இல்லை. ஒஹையோவிலிருந்து எல்டன் ருப் என்ற சோள விவசாயி கொண்டுவந்தது. 1969இல் புதிதாக வாங்கி, ஒரு தடவை சாலையோரப் பள்ளத்தில் இறக்கி, பயந்துபோய்க் களஞ்சியத்தில் பூட்டி வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. அழுக்கும் தூசியும் அப்படியே. யாரும் கைவைக்காத வண்டிகளுக்கென்று சங்கத்தில் தனிப் பிரிவு உண்டு. அதில் ஒரு திருகை மாற்றியிருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். லவோனின் வண்டி செய்த அதே வாரத்தில், அதே வரிசையில், நாற்பது வண்டி தள்ளி வந்தது இது.

மார்வ் உள்ளே தலையை விட்டார். வெளியே எடுத்தார். முகம் சுருங்கியிருந்தது.

"இங்க ஒரு டிக் இருக்கே, மிஸ்டர் ருப். இதை யார் போட்டா?"

"எனக்கென்னங்க தெரியும். கம்பெனியில போட்டிருப்பான்."

"கம்பெனியில போட்டது இப்படி இருக்காது. நீளக் கோடு இடப்பக்கம் போகணும். இது வலப்பக்கம் போகுது. பத்திரிகையைப் பார்த்துட்டு யாரோ அவசரத்துல தப்பாப் போட்டிருக்காங்க."

எல்டன் ருப் தொப்பியைக் கழற்றினார். எழுபத்தொன்பது வயது. சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாத குரல். "நான் எந்தப் பத்திரிகையும் பார்த்ததில்ல. ஐம்பது வருஷமா களஞ்சியச் சாவி என் பெல்ட்டுல தொங்குது. நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"நீங்கன்னு சொல்லல. யாரோ."

"சாவி என்கிட்டதான் இருக்குன்னேன். அப்ப நான்தானே?"

பக்கத்து வண்டிக்காரர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். எல்டனின் மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து, "வாங்கப்பா, போயிடலாம்" என்றாள். கிழவர் நகரவில்லை. காது மடல் சிவந்து, தொப்பியின் விளிம்பை விரலால் திருகிக்கொண்டு நின்றார். மார்வ் பேனாவால் தாளைத் தட்டினார்.

"எழுது, லவோன். பின்னால் சேர்த்த போலி அடையாளம். பிரிவிலிருந்து நீக்கம்."

லவோன் எழுதவில்லை. ஒரு வருடமாக அவள் பயந்ததெல்லாம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்குத்தான். யாருமே கண்டுபிடிக்காமல், தான் செய்த பொய்யை இன்னொருத்தர் தலையில் கட்டித் தன் கையாலேயே எழுதச் சொல்வார்கள் என்று அவள் கவலைப்பட்டுப் பார்த்ததே இல்லை. இத்தனை கவலையில் இது ஒன்றை விட்டுவிட்டாளே!

"எழுதும்மா" என்றார் மார்வ்.

"போலி இவரோடது இல்ல, மார்வ். என்னோடது."

"என்ன?"

"அசலைத் துடைச்சுட்டேன். துணி மாறிப்போச்சு. அப்புறம் நானே போட்டேன். அந்தப் போட்டோல இருக்கிறது நான் போட்டது." மதிப்பெண் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "லெஃப்டி நான்தான்."

மார்வ் சிரித்தார். வெயிலில் பேசுகிறாள் என்றே நினைத்தார். அவள் மதிப்பெண் தாளைத் திருப்பி, வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் வைத்து, இடக்கையால் ஒரு டிக் போட்டாள். அவரிடம் நீட்டினாள். அவர் பையிலிருந்து பத்திரிகைப் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அளவுகோலை வைத்தார். கோணத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆறு வண்டி" என்றார் மெதுவாக. "ஆறு பேர் உன்னோடதைப் பார்த்துப் போட்டிருக்காங்க. நான் பத்திரிகைல போட்டுட்டேன். நான் அழுதேன், லவோன்."

"தெரியும்."

"தங்கத்தை எடுத்துடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"இனிமே உன்னை உள்ளயே விடமாட்டாங்க."

கூட்டத்தில் யாரோ, அந்தச் சோள வறுவல் கடை ஆள்தானோ என்னவோ, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். நார்ப் எங்கிருந்தோ ஓடிவந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் கழுத்திலிருந்து நடுவர் அட்டையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். லவோனுக்கு அவமானமாக இருந்தது, அழுகையாக வந்தது, அதோடு, ஒரு வருடத்தில் முதல் தடவையாகப் பசித்தது. அதற்காகவும் வெட்கப்பட்டாள்.

எல்டன் ருப் தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். "அப்ப நான் பொய் சொல்லலைன்னு அந்தத் தாள்ல எழுதுங்க" என்றார் மார்விடம். "வாயால சொன்னாப் போதாது."

மார்வ் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இனிமேல் எதைத்தான் நம்புவது என்கிற மாதிரி அந்த வண்டியைப் பார்த்தார். டார்ச்சை எடுத்தார். மறுபடி உள்ளே குனிந்தார். லவோனும் குனிந்து பார்த்தாள். பிரேக் குழாய்க்குக் கீழே, பிசினின் ஓரத்தில், மஞ்சள். நீளக் கோடு வலப்பக்கம் ஏறி, முனையில் பென்சில் லேசாக உடைந்து, பொடி உதிர்ந்திருந்தது. இப்படித்தான் இருந்தது. அவள் துடைத்தது இதைத்தான். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதாவது நிஜமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மார்வ் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, அழிகிறதா என்று பார்க்க நீட்டினார்.

"தொடாதீங்க!"

மைதானமே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் கத்தினாள். மார்வின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லி அவர் திட்டினார், நார்ப் தோளைத் தொட்டான், அவள் விடவில்லை. எல்டன் ருப் வந்து என்ஜின் மூடியை மெதுவாக இறக்கினார். தாழ் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.